வெர்காடா நிகழ்வு: ஒரு பராமரிப்பு சர்வரும் ஒன்றரை லட்சம் கேமராக்களும்

கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ நகரில் இயங்கும் வெர்காடா நிறுவனம், அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணையத்தோடு இணைந்த கண்காணிப்புக் கேமராக்களை விற்கிறது. 2021 மார்ச் 9 அன்று ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தி ஒன்று, அந்தக் கேமராக்கள் பார்ப்பதை வெளியாட்கள் சிலரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அறிவித்தது. ஷாங்காயில் உள்ள டெஸ்லா கிடங்கு, ஃபுளோரிடாவின் ஹாலிஃபாக்ஸ் ஹெல்த் மருத்துவமனை, அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள மேடிசன் கவுன்டி சிறை, கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளி எனப் பல இடங்களின் காட்சிகள் அவர்களிடம் இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 1,50,000 கேமராக்களின் நேரடிக் காட்சிகள் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தன. இத்தனைக்கும் எந்த ஒரு கேமராவும் தனியாக உடைக்கப்படவில்லை. எந்த வாடிக்கையாளரின் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. விற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு பயன்படுத்திய ஒரே ஒரு சர்வர் போதுமானதாக இருந்தது.

இணையத்தோடு இணைந்த சாதனங்களின் பாதுகாப்பைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் சாதனத்தோடு நின்றுவிடுகிறது. கடவுச்சொல் மாற்றப்பட்டதா, ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டதா, போர்ட்டுகள் (வெளி இணைப்புகள் நுழையும் வாசல்கள்) மூடப்பட்டனவா என்று கேட்கிறோம். இவை தேவையான கேள்விகளே. ஆனால் அந்தச் சாதனத்தைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அது எந்தக் கணினியில் தங்கியிருக்கிறது, அதைப் பயன்படுத்த யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்விகள் வாங்குபவரின் பட்டியலிலும் பெரும்பாலும் இருப்பதில்லை, கட்டமைப்பவரின் வரைபடத்திலும் இருப்பதில்லை. வெர்காடா நிகழ்வை விரிவாக ஆராய்வது இந்தக் காரணத்துக்காகத்தான்.

சாதனம் எப்படிக் கட்டப்பட்டிருந்தது

2016இல் தொடங்கப்பட்ட வெர்காடா சந்தைக்கு வந்த காலத்தை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அதே ஆண்டில்தான் மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே அமைத்து அனுப்பப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் வரிசையாக முயன்று பார்த்து, உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர் எனப்படும் காட்சிப் பதிவுக் கருவிகளையும் ரூட்டர்களையும் தன்வசப்படுத்தியது. அக்டோபர் 21 அன்று தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டைன் நிறுவனத்தின் மீது அந்தச் சாதனங்கள் ஏவப்பட்டபோது, அமெரிக்காவின் பெரும்பகுதியில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் மணிக்கணக்கில் திணறின. அலுவலகத்தின் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும் டிவிஆர் பெட்டி, ரூட்டரில் திறந்து விடப்பட்ட ஒரு போர்ட், யாரும் மாற்றாத ஒரு கடவுச்சொல்: பழைய முறையின் பலவீனம் இதுதான்.

வெர்காடாவின் வடிவமைப்பு இதற்கு நேரான விடையாக இருந்தது. தனியாகப் பதிவுப்பெட்டி கிடையாது. காட்சிகள் கேமராவிலேயே உள்ள சேமிப்பகத்தில் பதிவாகும். கேமரா தானாக வெளியே கிளவுடை, அதாவது நிறுவனத்தின் இணையவழிச் சர்வர்களை, தொடர்புகொள்ளுமே தவிர, வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புக்காகப் போர்ட் எதையும் திறந்துவைத்துக் காத்திருக்காது. வாடிக்கையாளர் உலாவியில் லாகின் செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கடந்து, எந்த ஊரில் இருந்தும் தன் கட்டடத்தைப் பார்க்கலாம். உடையின் நிறம், பாலினம், முகம் ஆகியவற்றைக் கொண்டு ஒருவரைத் தேடும் வசதியும் அதில் இருந்தது. மிராய் போன்ற தாக்குதல் இந்தக் கேமராவின் கதவைத் தட்டியிருந்தால் உள்ளே நுழைந்திருக்க முடியாது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், கிளவுடிலிருந்து நிர்வகிக்கப்படும் சாதனத்தில் ஆபத்து மறைவதில்லை. வேறோர் இடத்தில் போய்க் குவிகிறது. ஆயிரம் அலுவலகங்களில் ஆயிரம் பலவீனமான பெட்டிகள் சிதறிக் கிடந்த நிலை மாறி, எல்லாக் கேமராக்களுக்கும் கட்டளையிடக்கூடிய ஒரே மையம் உருவாகிறது. அந்த மையம் எவ்வளவு கட்டுப்பாடாக நடத்தப்படுகிறதோ அந்த அளவுக்குத்தான் கடைக்கோடிக் கேமராவும் பாதுகாப்பாக இருக்கும்.

நுழைந்த வழி

நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஊடுருவியவர்கள் மார்ச் 7 அன்று, வேலைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற கருவி இயங்கிய ஒரு சர்வருக்குள் நுழைந்தார்கள். மார்ச் 9 நண்பகல் வரை அவர்களின் அணுக்கம் நீடித்தது. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொள்ளும்போது பல கேமராக்களின் பட அமைப்புகளை மொத்தமாக மாற்றுவது போன்ற வேலைகளுக்காக, வாடிக்கையாளர் உதவிப் பிரிவினர் அந்தச் சர்வரைப் பயன்படுத்தி வந்தார்கள். அதிலிருந்து கிடைத்த அடையாளச் சான்றுகளைக் கொண்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு உள்ளிட்ட முழு அனுமதி அமைப்பையும் அவர்களால் தாண்டிச் செல்ல முடிந்தது. நிர்வாகிக் கணக்கு ஒன்றின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இணையத்தில் வெளிப்படையாகக் கிடந்ததாக ஊடுருவிய குழுவின் தரப்பில் ப்ளூம்பெர்க்கிடம் சொல்லப்பட்டது.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை எப்படித் தாண்ட முடிந்தது என்ற இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். மென்பொருள் எழுதும் நிறுவனங்களில் ஜென்கின்ஸ் மிகப் பரவலான கருவி. நிரலைத் தொகுப்பது, சோதிப்பது, வெளியிடுவது, ஒரே கட்டளையை நூறு சர்வர்களில் ஓட்டுவது போன்ற வேலைகளை அது மனிதர் தலையீடு இன்றிச் செய்கிறது. நள்ளிரவில் ஓடும் ஒரு வேலைக்குக் கடவுச்சொல்லைத் தட்டுவதற்கோ, கைபேசியில் வரும் எண்ணைப் படித்துச் சொல்வதற்கோ ஆள் இருப்பதில்லை. ஆகவே அந்த வேலைக்குத் தேவையான சாவிகளும் டோக்கன்களும் (அனுமதியைக் காட்டும் மின்னணுச் சீட்டுகள்) சர்வரிலேயே சேமித்து வைக்கப்படுகின்றன. மனிதர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், இயந்திரக் கணக்குக்கு அது பொருந்தாது. எனவே அந்தச் சர்வரில் ஒரு வேலையை ஓட்ட முடிந்தவருக்கு, அதில் இருக்கும் சாவிகள் அத்தனையும் கைவந்துவிடுகின்றன. இப்படிப்பட்ட கருவியைப் பலரும் ஓர் உள் வசதியாக மட்டுமே நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் பார்க்கும் இணையதளத்துக்குத் தரும் கவனத்தில் பாதியைக்கூட அதற்குத் தருவதில்லை. உண்மையில் அந்நிறுவனத்தின் மிக உயர்ந்த அதிகாரம் தங்கியிருக்கும் இடம் அதுதான்.

சூப்பர் அட்மின்

கைப்பற்றப்பட்ட சான்றுகள் கொடுத்தது சூப்பர் அட்மின் எனப்படும் அதிகாரம். குடியிருப்புச் சங்கத்தின் காவலாளியிடம் எல்லா வீடுகளுக்கும் பொதுவான மாற்றுச்சாவி ஒன்று இருந்து, அவர் எந்த வீட்டை எப்போது திறந்தாலும் வீட்டுக்காரருக்குத் தகவல் போகாது என்றால் அது எப்படிப்பட்ட ஏற்பாடாக இருக்குமோ, அப்படிப்பட்ட ஏற்பாடு அது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்த அதிகாரம் இருந்ததாக முன்னாள் ஊழியர்களை மேற்கோள் காட்டி ப்ளூம்பெர்க் பின்னர் எழுதியது. பணிக்குத் தேவைப்பட்ட பொறியாளர்களுக்கும் உதவிப் பிரிவினருக்கும் மட்டுமே அது கொடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் பதில்.

எண்ணிக்கையைப் பற்றிய இந்த வாதத்தில் நான் எந்தப் பக்கமும் சேரப்போவதில்லை. ஏனெனில் நூறு பேருக்கு இருந்ததா, பத்துப் பேருக்கு இருந்ததா என்பதைவிட, அப்படி ஓர் அதிகாரம் வாடிக்கையாளரின் ஒப்புதல் இன்றிச் செயல்படும்படி கட்டப்பட்டிருந்தது என்பதே அடிப்படைப் பிழை. அது ஒரே ஒருவரிடம் இருந்திருந்தாலும், அவருடைய கணினி வீழ்ந்த நாளில் விளைவு இதேதான். 2020 அக்டோபரிலேயே, அந்நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் தங்கள் சொந்த அலுவலகத்தின் கேமராக்களைக் கொண்டு சக பெண் ஊழியர்களைப் படம் பிடித்துத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள் என்ற செய்தி வெளியாகியிருந்தது. கேமராவைப் பார்க்கும் அதிகாரம் உள்ளிருந்தே தவறாகப் பயன்படுத்தப்படக்கூடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு தேவையில்லை.

பாதிக்கப்பட்ட இடங்களைப் பார்த்தால் இந்தப் பிழையின் கனம் புரியும். மேடிசன் கவுன்டி சிறையில் 330 கேமராக்கள் இருந்தன. அவற்றுள் சில, காற்றுப்போக்கிகளுக்குள்ளும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள்ளும் மறைத்து வைக்கப்பட்டவை. ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனையின் ஒரு காட்சியில், பணியாளர்கள் எட்டுப் பேர் ஒருவரைப் பிடித்துப் படுக்கையோடு அழுத்துவது போலத் தெரிந்தது. மனநல மருத்துவமனைகள், பெண்களுக்கான மருத்துவ நிலையங்கள், தொடக்கப் பள்ளிகள், சிறை அறைகள் ஆகியவற்றின் காட்சிகளும் ஊடுருவியவர்களுக்கு எட்டியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பின்னர் குறிப்பிட்டது. அந்தப் படுக்கையில் கிடந்தவர் எந்த நிறுவனத்தின் விதிமுறைகளுக்கும் ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டவர் அல்லர். இணைப்புள்ள சாதனங்களைக் கட்டமைப்பவர்கள் வாடிக்கையாளர் என்று சொல்லும்போது பணம் கொடுப்பவரை நினைக்கிறார்கள். கேமராவின் எதிரே நிற்பவரையும் சேர்த்து நினைத்தால்தான் அதிகாரத்தின் எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பது தெரியும்.

கேமராவிலிருந்து வலையமைப்புக்கு

காட்சிகளோடு விஷயம் முடியவில்லை. சில கேமராக்களில் ஷெல் கட்டளைகளை, அதாவது சாதனத்தின் இயங்குதளத்துக்கு நேரடியாகத் தரும் கட்டளைகளை, ஓட்டவும் அவர்களால் முடிந்தது. கேமரா என்பது ஒரு சிறிய கணினி. ரூட் எனப்படும் முழு அதிகாரத்தோடு அதில் கட்டளை ஓட்ட முடிந்தால், அது நிற்கும் அலுவலக வலையமைப்பின் உள்ளேயே கால்வைத்துவிட்டதாகப் பொருள். இதற்காகத் தனியாக எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை; தொலைவிலிருந்து பழுது பார்ப்பதற்காகவே கட்டப்பட்ட வசதி அது.

பாதிக்கப்பட்டவர்களில் கிளவுட்ஃப்ளேர், ஆக்டா ஆகிய இரண்டும் இணையப் பாதுகாப்புத் துறையிலேயே பெயர் பெற்றவை. இரண்டு நிறுவனங்களும் கொடுத்த விளக்கம் ஏறத்தாழ ஒன்றுதான்: கேமராக்கள் முதன்மை வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அங்கிருந்து வேறெங்கும் செல்ல வழியில்லை. அலுவலக வலையமைப்புக்குள் இருப்பதாலேயே ஒரு சாதனத்துக்கு நம்பிக்கை கொடுப்பதில்லை என்ற கொள்கையைக் கிளவுட்ஃப்ளேர் முன்பே பின்பற்றி வந்தது. தொற்றுக்காலம் என்பதால் அந்த அலுவலகங்களும் பல மாதங்களாக மூடியிருந்தன. வாங்கும் நிறுவனம் தன் பங்குக்குச் செய்யக்கூடிய காரியங்களில் இதுவே மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் என்பது என் கணிப்பு. கேமராக்களுக்கெனத் தனி விலான் (வலையமைப்புக்குள் பிரித்து வைக்கப்பட்ட உட்பிரிவு) அமைத்து, அதிலிருந்து கோப்பு சர்வருக்கும் சம்பளப் பட்டியல் இருக்கும் கணினிக்கும் செல்லும் பாதையை ஃபயர்வாலில் அடைத்துவிட்டால், விற்றவரின் பிழை வாங்கியவரின் கணக்குப் புத்தகம் வரை வராது. ஆனால் காட்சிகள் கசிவதை அது தடுக்காது. கேமரா பார்ப்பதைக் காக்க வேண்டியவர் விற்றவர் மட்டுமே.

மூன்று மாதங்களுக்கு முன் வந்த எச்சரிக்கை

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்தும் பகுதி, 2024இல் ஆணையம் வெளியிட்ட புகார் ஆவணத்தில் இருக்கிறது. 2020 டிசம்பரிலேயே ஒருவர் வெர்காடாவின் பழைய ஃபர்ம்வேர் தொகுப்பு சர்வர் ஒன்றுக்குள் நுழைந்திருக்கிறார். அந்தச் சர்வரைப் பயன்படுத்திய ஊழியர், வேலை முடிந்தபின் அதைப் பாதுகாப்பான பழைய அமைப்புக்குத் திருப்பவில்லை. நுழைந்தவர் அதில் நிறுவியது அதே மிராய் தீநிரலை. அதைக் கொண்டு வேறு இணைய முகவரிகளின் மீது, கோரிக்கைகளைக் குவித்துத் திணறடிக்கும் சேவைத் தடைத் தாக்குதல் நடத்தியிருக்கிறார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு அமேசானின் கிளவுட் சேவை சந்தேகத்துக்குரிய நடமாட்டத்தைச் சுட்டிக்காட்டிய பிறகே வெர்காடாவுக்கு அது தெரியவந்தது.

கேமராவை மிராயிடமிருந்து காத்த நிறுவனம், அந்தக் கேமராவுக்கு ஃபர்ம்வேர் தயாரித்த சர்வரை மிராயிடம் இழந்தது. வந்தவர் சத்தமிடும் வகையைச் சேர்ந்தவராக இருந்ததால் அகப்பட்டார். அதே டிசம்பர் மாதத்தில்தான், வலையமைப்புகளை நிர்வகிக்கும் மென்பொருளை விற்கும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்துக்குள் நடந்த ஊடுருவலும் வெளியே வந்தது. அங்கே வந்தவர்கள் பொறுமையானவர்கள். மென்பொருள் தொகுக்கப்படும் கட்டத்திலேயே தங்கள் நிரலைச் சேர்த்து, நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு 18,000 வாடிக்கையாளர்கள் வரை கொண்டுசேர்த்தார்கள். தொகுப்பு சர்வர் கைமாறினால் என்ன நடக்கும் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், தன் தொகுப்பு சர்வர் கைமாறியதை அறிந்த ஒரு நிறுவனம் தன் பிற உள் சர்வர்கள் அனைத்தையும் வரிசையாகச் சோதித்திருந்தால், மார்ச் மாதத்தில் அந்த ஜென்கின்ஸ் சர்வர் அந்த நிலையில் இருந்திருக்காது என்று நம்ப இடமிருக்கிறது.

இரண்டு நிகழ்வுகளுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. முதல் ஊடுருவலை அமேசான் சொல்லி அறிந்தார்கள். இரண்டாவதை, ஊடுருவியவர்களே ஊடகத்திடம் சொன்ன பிறகு அறிந்தார்கள். உதவிப் பிரிவின் கணக்கு ஒன்று திடீரென ஒரு மருத்துவமனையையும் ஒரு சிறையையும் ஒரு கார் ஆலையையும் அடுத்தடுத்துத் திறக்கும்போது, எங்கோ ஓர் எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். லாக் பதிவுகள் இருந்தால் மட்டும் போதாது. இயல்புக்கு மாறான நடமாட்டம் நிகழும்போதே அதை ஒரு மனிதரின் கவனத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு வேண்டும். செய்தி வந்த பிறகு நிறுவனம் எல்லா உள் நிர்வாகிக் கணக்குகளையும் உடனடியாக முடக்கியது. மாண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தை விசாரணைக்கு அமர்த்தியது. அந்த வேகம் பாராட்டத்தக்கது.

எத்தனை பேர், என்ன தண்டனை

விசாரணைக்குப் பின், 6,000க்கும் மேற்பட்ட தன் வாடிக்கையாளர்களில் 97 பேரின் காட்சிகளும் படங்களுமே உண்மையில் அணுகப்பட்டதாக வெர்காடா தெரிவித்தது. ஒன்றரை லட்சம் என்ற எண்ணுக்கும் 97 என்ற எண்ணுக்கும் முரண்பாடு இல்லை. முன்னது அதிகாரத்தின் வீச்சு. பின்னது அது பயன்படுத்தப்பட்ட அளவு. ஊடுருவியவர்கள் வெளியுலகுக்குக் காட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தவர்கள் என்பதாலும், இரண்டு நாட்களிலேயே கதவு மூடப்பட்டதாலும் பின்னது சிறியதாக அமைந்தது. ஒரு வடிவமைப்பை மதிப்பிட வேண்டியது முன்னதைக் கொண்டுதான்.

2024 ஆகஸ்டில் ஆணையத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. தனித்துவமான, கடினமான கடவுச்சொற்களைக் கட்டாயமாக்காதது, வாடிக்கையாளர் தரவுகளைப் போதுமான அளவு குறியாக்கம் செய்யாதது, வலையமைப்புக் கட்டுப்பாடுகளைச் சரியாக நிறுவாதது ஆகியவை குற்றச்சாட்டுகளில் இருந்தன. நிறுவனம் செலுத்த ஒப்புக்கொண்ட 29.5 லட்சம் டாலர் தண்டத்தொகை இவற்றுக்காக அன்று. வேண்டாம் என்று விலகும் வழியை முறையாகத் தராமல் விளம்பர மின்னஞ்சல்களை அனுப்பிய குற்றத்துக்காக. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு முதல் முறையிலேயே பணத்தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்குப் பொதுவாக இல்லை என்பதே காரணம். சிறை அறையின் காட்சி கசிந்ததற்கு விலை இல்லாமல், மின்னஞ்சலுக்கு விலை வைக்கும் சட்டம் சரிசெய்யப்பட வேண்டிய ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உத்தரவின் மறுபகுதி கனமானது: விரிவான பாதுகாப்புத் திட்டத்தை நிறுவி, அதை 20 ஆண்டுகளுக்கு வெளி மதிப்பீட்டாளர்களின் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும்.

பராமரிப்பு அதிகாரத்தை எப்படிக் கட்டுவது

தொலைவிலிருந்து பராமரிக்கும் வசதியே வேண்டாம் என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. படம் மங்கலாகத் தெரிகிறது என்று வாடிக்கையாளர் அழைக்கும்போது உதவிப் பிரிவினர் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் வாடிக்கையாளரிடம் தொடங்கி வாடிக்கையாளரிடமே முடிய வேண்டும். அவருடைய நிர்வாகி தன் திரையில் ஒரு பொத்தானை அழுத்தி, குறிப்பிட்ட கேமராவுக்கு, குறிப்பிட்ட மணிநேரத்துக்கு அனுமதி கொடுக்கிறார். அந்த அனுமதியிலிருந்து பிறக்கும் டோக்கன் அந்தக் கேமராவை மட்டும் திறக்கும், நேரம் முடிந்ததும் தானாகச் செத்துவிடும். யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற பதிவு வாடிக்கையாளரின் கணக்கிலேயே தெரியும். இந்த அனுமதியைச் சரிபார்க்கும் வேலையை உதவிப் பிரிவின் கருவி செய்யக்கூடாது. கேமராவோ, அதற்கு நேர் மேலே உள்ள தனிச் சேவையோ செய்ய வேண்டும். அப்போது ஜென்கின்ஸ் சர்வர் மீண்டும் ஒருமுறை கைமாறினாலும், அந்த மணிநேரத்தில் அனுமதி கொடுத்திருந்த ஓரிரு வாடிக்கையாளர்களோடு சேதம் நின்றுவிடும்.

மொத்தமாக அமைப்புகளை மாற்றும் வேலைக்குக் காட்சியைப் பார்க்கும் அதிகாரம் தேவையே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெளிச்ச அளவை மாற்றும் சான்றும் காணொளியைத் திறக்கும் சான்றும் ஒன்றாக இருந்தது வசதிக்காக மட்டுமே. இவற்றைப் பிரிப்பதற்குச் சில வாரப் பொறியியல் உழைப்பு தேவைப்படும். வளரும் நிறுவனத்தில் அந்த வாரங்களுக்குப் புதிய அம்சங்கள் போட்டியிடும். ஷெல் அணுக்கத்தைப் பொறுத்தவரை, விற்கப்படும் ஃபர்ம்வேரில் அது இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழுது கண்டறியத் தேவையான தகவல்களை, முன்கூட்டியே வரையறுத்த சில கட்டளைகளால் பெற்றுக்கொள்ளலாம். எதை வேண்டுமானாலும் ஓட்டும் வாசல் தேவையில்லை.

சட்டங்கள் இந்த இடத்தை இப்போதுதான் தொடுகின்றன. 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள பிரிட்டனின் சட்டம், நுகர்வோர் சாதனங்களில் பொதுவான இயல்புநிலைக் கடவுச்சொல்லைத் தடை செய்கிறது. அது மிராய் காலத்துக்கான விடை. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் அரசு ஏற்றுக்கொண்ட ஆய்வகங்களில் வன்பொருள், மென்பொருள், மூலநிரல் ஆகிய மூன்றிலும் சோதிக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும். சென்னையிலோ கோவையிலோ இன்று கேமரா வாங்கும் நிறுவனத்துக்கு இது நேரடியாகப் பயன்படும். ஆயினும் ஆய்வகத்தின் மேசைக்கு வருவது கேமரா மட்டுமே. விற்றவரின் உதவிப் பிரிவு எந்தச் சர்வரிலிருந்து அதைத் தொடுகிறது என்பதை ஒப்பந்தத்தில் கேட்டு எழுதி வாங்க வேண்டியவர் வாங்குபவர்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த அச்சட்டம், ஒரு சாதனம் தன் பணியைச் செய்யத் தேவையான, தயாரிப்பாளரே வடிவமைத்த தொலைநிலைத் தரவுச் செயலாக்கத்தையும் அந்தப் பொருளின் பகுதியாகவே கருதுகிறது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாகப் பொருந்தும்போது, கேமராவின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் தயாரிப்பாளர் அதை இயக்கும் கிளவுடுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும். உதவிப் பிரிவினர் தங்கள் வசதிக்காக நடத்தும் உள் கருவிகள் வரை அந்த வரையறை நீளுமா என்பது, அமலாக்கத்தில் எழும் முதல் சில வழக்குகளில்தான் முடிவாகும்.